கொக்கி மேல் எழுபத்திரண்டு கிலோ

பிப்ரவரி 2, பெருந்துறை

பல வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சார், தராசும் சரி, கணக்கும் சரி, ஆனா ரெண்டும் ஒத்து வரலீன்னா எதுங்க சார் தப்பு?" அதற்குள் மணி அடித்துவிட்டது. "கணக்கைத் திரும்பப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

இன்று அரிசி ஆலைக்குப் பக்கத்து எடை மேடையில் நின்றபோது அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். என் கணக்கு 790 கிலோ. மேடை கொடுத்த சீட்டும் 790. அவள் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

எடை போட்டது எங்கள் கேம்பர் ட்ரெய்லரை. காரின் பின்கொக்கியில் மாட்டி இழுப்பது. உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்னச் சமையல் மேடை, கை கழுவும் தொட்டி. என் மனைவி மயிலாத்தாள் அதைப் 'பொட்டி' என்கிறாள். செய்து கொடுத்த கோவைப் பட்டறைக்காரர், "சார், தெனமும் எழுதி வையுங்க. அடுத்து வாங்கறவங்களுக்கு அதையே குடுத்துருவேன்" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

அடுத்து வாங்கும் நண்பருக்கு: எங்கள் கார் நடுத்தர அளவு எஸ்யூவி. 800 கிலோ வரை இழுக்கலாம் என்று அதன் புத்தகம் சொல்கிறது. காலிப் பெட்டி 540. தண்ணீர் 40. மெத்தை, அடுப்பு, பாத்திரம், துணி 48. ஸ்பானர் பெட்டி 22. கூடுதலாக ஒரு ஸ்டெப்னி 14. மருந்து அட்டைப்பெட்டி ஒன்பது, 126.

மருந்து என்று எழுதியதை விளக்க வேண்டும். என் மனைவிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. மூன்று வருடமாக வயிற்று வழி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு நான்கு தடவை, வயிற்றிலிருக்கும் பழைய திரவத்தை வடித்துவிட்டு, இரண்டு லிட்டர் பை ஒன்றின் புதுத் திரவத்தை உள்ளே விட வேண்டும். அவளே செய்துகொள்வாள். கிருமி சேரக் கூடாது என்பதால் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அரை மணி நேரம். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு பை உறையோடு இரண்டேகால் கிலோ. நாளைக்கு நான்கு பை, ஒன்பது கிலோ. மொத்தம் 54 பை. பன்னிரண்டு நாளுக்குப் போக ஆறு பை கையிருப்பு. அதற்கு மேல் எடை இடம் கொடுக்கவில்லை. சிவமொக்கா வரை ஆறு நாள் போவது, ஆறு நாள் வருவது.

மகள் துபாயிலிருந்து வீடியோவில் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கென்ன கிறுக்கா?" மயிலாத்தாள் போனைப் பிடுங்கி, "ஆமாங் கண்ணு. இப்பத்தான் கொஞ்சம் புடிச்சிருக்குது" என்றாள்.

பிப்ரவரி 3, தருமபுரி

புறப்பட்ட முதல் நாளே ஒரு பாடம்.

ஓமலூர் தாண்டி எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பேருந்து எங்களைத் தாண்டியதும் பெட்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. ஆட்டம் அடங்கிய பிறகு ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன்.

எங்களுக்குப் பின்னால் வந்த லாரியும் நின்றது. ஓட்டுநர் ராசு, சங்ககிரிக்காரர்.

"ஏனுங் சார், பொட்டி அந்த ஆட்டம் ஆடுது. பொறத்தாண்ட வந்த நானே பிரேக்கப் போட்டுட்டேன்."

"எடை சரியாத்தாங்க இருக்குது. எழுநூத்தித் தொண்ணூறு. சீட்டு வெச்சிருக்கறேன்."

"சீட்டு கெடக்குட்டுங்க. கொக்கி மேல எவ்வளவு பாரம்?"

கார் கொக்கியிலிருந்து கழற்றி, பெட்டியின் முன்முனையை ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். அட்டைப்பெட்டிகளில் ஐந்தை முன்னறையிலும் நான்கைப் பின்கதவுப் பக்கமும் பிரித்து வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் எடையைச் சமன் செய்திருந்தேன். ஊரில் இதைப் பலருக்குக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"ஒத்தக் கையில தூக்கற பொட்டி ரோட்டுல உங்களத் தூக்கீருமுங்க" என்றார் ராசு. "ஆமா, நீங்க என்ன வேல பாத்தீங்க?"

"பிசிக்ஸ் வாத்தியார்."

அவர் டீக் கிளாஸுக்குள் சிரித்தார். மயிலாத்தாள் வெளிப்படையாகவே சிரித்தாள். "நல்லாக் கேளுங்க தம்பி. நாஞ் சொன்னா எங்க காதுல ஏறுது?"

சீசா பலகையை உதாரணம் காட்டியே பாடம் நடத்தியவன் நான். சமமாக இருப்பதுதான் சரி என்று மனதில் ஊறிவிட்டது. ஆனால் சீசா பலகை எங்கும் போவதில்லை. போகிற பொருளுக்கு வேறு உதாரணம் வேண்டும். கோயில் கூட்டத்தில் முன்னே போகிறவர் தோளில் கையை ஊன்றி நடப்பவர் பிசகாமல் வருவார். கையை எடுத்தவர் தள்ளாடுவார். பெட்டியும் காரின் மேல் கொஞ்சம் சாய்ந்துதான் வர வேண்டும்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். கொக்கி மேல் எண்பது கிலோவுக்கு மேலும் கூடாது, ஐம்பத்தைந்துக்குக் கீழும் கூடாது என்றார். "அன்னிக்கே சொன்னனே சார், முன்பாரம் இருக்கோணும்னு." சொல்லியிருந்தார். நான்தான் 'கொஞ்சம் இருந்தால் போதும்' என்று எடுத்துக்கொண்டேன். ராசுவும் நானும் பின்னால் இருந்த நான்கையும் முன்னறைக்கு மாற்றினோம்.

கிளம்பும்போது ராசு மயிலாத்தாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மங்களூர்ப் பக்கம் லோடு அடிச்சா மரவந்தேன்னு ஒரு எடம் வருமுங்கம்மா. ரோட்டுக்கு இக்கட்டால கடலு, அக்கட்டால ஆறு. நடுவால நாம. அங்க வந்துட்டா லோடு ஏத்துனதே நாவகத்துல இருக்காது."

"இந்தப் பொட்டியெல்லாம் அங்க போவுமுங்களா?"

"லாரியே போவுதுங்க!"

மாலையில் அவள் அந்த ஊரைப் பற்றிக் கேட்டாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். போய்ச் சேர எட்டு நாளாவது ஆகும். திரும்பி வர ஏழு. பை போதாது. "சரிங்க" என்றாள். எதற்கும் இரண்டு தடவையாவது வாதாடுகிறவள்.

பிப்ரவரி 4, தருமபுரி

கொக்கி மேல் எவ்வளவு பாரம் என்பதைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, குளியலறைத் தராசின் மேல் நிறுத்தி, பெட்டியின் முன்முனையை அதன் மேல் இறக்கினால் போதும். தராசு எங்களிடம் எப்போதும் உண்டு. டயாலிசிஸ் செய்பவர் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். முதலில் மயிலாத்தாள் ஏறினாள், அடுத்துப் பெட்டி.

"எனக்கும் பொட்டிக்கும் ஒரே தராசா? வெளங்கீரும்."

கொக்கி 72.0. மயிலாத்தாள் 53.4.

இனி ஒவ்வொரு நாளும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிய பிறகு, காலை உணவுக்கு முன் அளப்பது. முன்னறை, சக்கரத்துக்கும் கொக்கிக்கும் நடுவில் இருப்பதால், அங்கே இரண்டு கிலோ குறைந்தால் கொக்கியில் ஒரு கிலோ குறையும். ஒரு நாளைக்கு நான்கு பை தீர்ந்தால் கொக்கியில் நாலரை. நான்கே நாளில் ஐம்பத்துநான்குக்கு வந்துவிடும். எட்டாம் தேதி ஸ்பானர் பெட்டியை முன்னறைக்கு மாற்ற வேண்டும். குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5, துமகூரு

கொக்கி 68.6. வர வேண்டியது 67.5. மயிலாத்தாள் 53.8.

பெட்டி ஆடவே இல்லை. எண்பதில்கூட நேராக வருகிறது. பெங்களூரைச் சுற்றிக்கொண்டு வந்ததில் அரை நாள் போயிற்று.

பிப்ரவரி 6, துமகூரு

கொக்கி 65.3. வர வேண்டியது 63. மயிலாத்தாள் 54.3.

ஓய்வு நாள். பெட்ரோல் பங்க் வளாகத்தில் புங்க மரத்தடியில் இடம் கொடுத்தார்கள். துணி துவைத்தேன். டயர்க் காற்று பார்த்தேன். மதியம் பை மாற்றிவிட்டு வெளியே வந்தவளின் கன்னத்தில் தலையணை வரி விழுந்திருந்தது. உற்சாகமாக இருக்கிறாள். சமையலும் அவளே. எடை கொஞ்சம் ஏறியிருப்பது சாப்பாட்டால்தான். வீட்டில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவாள்.

கொக்கி எண்தான் உறுத்துகிறது. இரண்டு கிலோ வித்தியாசம். முன்முனையில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். மயிலாத்தாள் ஒரு கிலோ வெங்காயம் வைத்திருந்தாள். எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, தரீகெரே

கொக்கி 61.9. வர வேண்டியது 58.5. மயிலாத்தாள் 54.9.

வித்தியாசம் நாளுக்கு நாள் கூடுகிறது, அதுவும் ஒரே அளவில். வெங்காயம் இப்படிச் செய்யாது.

தராசைச் சோதித்தேன். மளிகைக் கடையில் ஐந்து கிலோ அரிசிப் பை வாங்கி வைத்தேன். 5.0. இரண்டு வைத்தேன். 10.0. தராசு சரி. கணக்கை மூன்று தடவை திரும்பப் போட்டேன். கணக்கும் சரி.

மயிலாத்தாளுக்குச் செருப்பு வார் இறுக்கமாகிவிட்டது. ஒரு ஓட்டை தள்ளி மாட்டிக் கொடுத்தேன். காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்து வருவதால் இருக்கும். நேற்று படுக்கும்போது இரண்டாவது தலையணை கேட்டாள். அவளுடைய ஆஸ்பத்திரி நோட்டில் நான்கு பையும் நேரத்தோடு ஒழுங்காக எழுதியிருக்கிறாள். வழக்கம்போல் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நாளை மறுநாள் திரும்ப வேண்டும்.

பிப்ரவரி 8, சிவமொக்கா. காலை

கொக்கி 58.5. வர வேண்டியது 54. மயிலாத்தாள் 55.6.

நாலரை கிலோ வித்தியாசம். அப்படியென்றால் முன்னறையில் ஒன்பது கிலோ கூடுதலாக இருக்கிறது. ஒன்பது கிலோ என்றால் நான்கு பை.

அவள் பல் துலக்கப் போயிருந்தபோது முன்னறையைத் திறந்து எண்ணினேன். முதல் நாள் காலைப் பை வீட்டு இருப்பில் போனது. இதில் முப்பத்தைந்து இருக்க வேண்டும்.

முப்பத்தொன்பது.

அதே நாள், மாலை

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அவள் வந்ததும் கேட்டேன். "மத்தியானப் பை எத்தன நாளாப் போடுல?"

"எண்ணிப்போட்டுத்தான கேக்கறீங்க."

"நீ சொல்லு."

"நாலு நாளா." துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "கதவச் சாத்தீட்டுப் படுத்துக்குவேன். நல்லாத் தூக்கம் வந்துது."

"ஏம் மயிலா?"

"அம்பத்தி நாலு பை. நாலு நாலாப் போட்டாப் பதிமூணு நாளு. மூணு மூணாப் போட்டாப் பதினெட்டு. அந்தக் கடலு ரோட்டப் பாத்துப்போட்டு ஊட்டுக்கும் போயிரலாம். கணக்கு உங்களுக்கு மட்டுந்தான் வருமா?"

"இது உசுரு சமாச்சாரம்."

"மூணு வருசமா என்னயக் காப்பாத்தறீங்க. இல்லீங்கல. அந்த ஒரு ரூம்புக்குள்ளயே வெச்சுக் காப்பாத்தறீங்க."

பொறுமையாகத்தான் சொன்னேன்: "நான் வேணும்னா செஞ்சேன்? எண்ணூறு கிலோதான் இழுக்கலாம். எடை எடங் குடுக்கலியே."

"உங்க ஸ்பானர் பொட்டி எத்தன கிலோ?"

"இருபத்திரண்டு."

"எச்சா ஒரு ஸ்டெப்னி?"

"பதினாலு."

"முப்பத்தாறு. எனக்கு ஒரு நாளைக்கு ஒம்பது கிலோ. என்ற நாலு நாள நீங்க ஸ்பானராத் தூக்கீட்டு வர்றீங்க."

அந்த ஸ்பானர் பெட்டியை இதுவரை ஒரே ஒரு தடவை திறந்திருக்கிறேன், கொசுவர்த்தி வைக்க இடம் தேடி.

அவள் விடவில்லை. "எட பாத்துப் பன்னண்டு நாள்னு முடிவு பண்ணுனீங்களா, முடிவு பண்ணிப்போட்டு எட பாத்தீங்களா?"

நான் காருக்குப் போய், ஜனவரியில் போட்ட கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். மேல் வரியில் 12 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். எடைகளெல்லாம் அதற்குக் கீழே இருக்கின்றன. பன்னிரண்டுக்கு எந்தக் காரணமும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அதற்கு மேல் ஒரு நாள் என்றாலும் எனக்குப் பயமாக இருந்தது. தாளை அவளிடமே கொடுத்தேன். பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஐந்து நாளாக அவள் எடை ஏறியதைப் பெட்டி எடைக்குப் பக்கத்திலேயே, என் கையால் எழுதியிருக்கிறேன். கால் வீக்கத்தையும் இரண்டாவது தலையணையையும்கூட எழுதியிருக்கிறேன். நாற்பது நோட்டு திருத்தும் நாளில் படிக்காமலே கையெழுத்துப் போடுவது உண்டு. அப்படிப் போட்டிருக்கிறேன்.

ஈரோட்டு ஆஸ்பத்திரியின் சிஸ்டர் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். "சார், நீங்க பேச வேண்டாம். போன அம்மாகிட்டக் குடுங்க" என்றார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நோட்டுல நாலுன்னு எழுதிட்டு மூணு போட்டீங்களா? உங்களுக்குப் பாடம் நடத்துன வாத்தியார் யாரும்மா?"

"கட்டிக்கிட்ட வாத்தியாருதானுங்க. இங்கதான் நிக்கறாரு."

"சிரிக்காதீங்க. படுத்தா மூச்சு வாங்குதா?"

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். "ரெண்டு நாளா, கொஞ்சம்."

உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். போனோம். அங்கே நுரையீரல், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். நீர் கோத்திருக்கிறது, கிருமி இல்லை. இரண்டு நாள் இருக்கச் சொல்லி, எங்கள் கையிருப்பிலேயே உள்ள, நீரை அதிகம் இழுக்கும் வகைப் பைகளைப் போடுகிறார்கள். உப்பு கூடாது, தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெட்டி வாசலில் நிற்கிறது.

பிப்ரவரி 9, சிவமொக்கா

மயிலாத்தாள் 54.8. நான்கு பை. நான்கையும் நானே எண்ணினேன். "சந்தேகமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு மருந்து அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் செய்து, பாதி வழியில் பை தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அந்தத் தம்பி சாதாரணமாகச் சொன்னார்: "உடுப்பியில நம்ம டீலர் இருக்காருங்க சார். மங்களூர், கோழிக்கோடு, எங்கயும் உண்டு. மூணு நாள் முன்னாடி சொன்னாப் போதும், நீங்க நிக்கற எடத்துலயே எறக்கிருவாங்க. நீங்க கேக்கவே இல்லியே?"

நான்கு வாரம் கணக்குப் போட்டவன், ஒரு நிமிடம் போன் செய்து கேட்கவில்லை. எல்லாப் பாரத்தையும் வீட்டிலிருந்தே, ஒரே தடவையில் தூக்கிவர வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டது.

பிப்ரவரி 10

54.1. மூச்சு சீராக இருக்கிறது. ஒரு தலையணையோடு தூங்கினாள்.

பிப்ரவரி 11, சிவமொக்கா

53.6. டாக்டர் போகலாம் என்றார். "எந்தப் பக்கம்?" என்று மயிலாத்தாள் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, நான்கு பையும் போட்டால் எந்தப் பக்கமும் போகலாம் என்றார். உடுப்பி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

பின்கதவுப் பக்கம் இருந்த ஸ்பானர் பெட்டியையும் கூடுதல் ஸ்டெப்னியையும் பார்சல் லாரியில் ஊருக்கு அனுப்பினேன். அதிலிருந்து எடுத்த ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு ரெஞ்சையும் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மயிலாத்தாள் அதைப் பார்த்தாள். "அது எத்தன கிலோ?"

"அரைக் கிலோ."

"போய்த் தொலையுது."

கொக்கி 55.8. ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டையும் முன்னறைக்கு மாற்றினேன். 60.8.

பிப்ரவரி 12, மலை இறக்கம்

காலை ஏழுக்குத் தொடங்கி இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். இறக்கத்தில் பின்னால் வரும் பாரம் தள்ளும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறிவிடும். என்ஜினே பிடித்துக்கொண்டு வர வேண்டும். மூன்று இடத்தில் நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

மதியப் பைக்காக ஒரு வளைவில், அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினோம். பெட்டிக் கதவு சாத்தியது. நான் வெளியே கல்லில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்துக் கதவைத் திறந்து, வடித்த பையை என் முன்னால் தூக்கிக் காட்டினாள். "தெளிவா இருக்குது. கையெழுத்துப் போடுங்க." படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

பிப்ரவரி 13, மரவந்தே

ராசு சொன்னது பொய்யில்லை. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் கடல். நடுவில் சாலை. சாலையோரம் அகலமாக மணல் கிடந்த இடத்தில் பெட்டியை நிறுத்தினேன்.

மயிலாத்தாள் இறங்கிப் போய்க் கடலுக்கு எதிரே நின்றாள். பிறகு சாலையைக் கடந்து ஆற்றுக்கு எதிரே நின்றாள். மறுபடி கடல். நான்கு தடவை இப்படிப் போய் வந்தாள். கடைசித் தடவை என்னையும் கூப்பிட்டாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத உடுங்க வாத்தியாரே. டயரு ஊட்லயும் இருக்குது."

போனேன். கணுக்காலைப் பார்த்தேன். வீக்கம் வற்றி, செருப்பு வார் பழைய ஓட்டைக்கே போயிருந்தது.

உடுப்பியில் ஒன்பது அட்டைப்பெட்டி நாளை மறுநாள் இறங்குகிறது. கையில் பத்தொன்பது பை இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த வழி என்று இன்னும் பேசவில்லை. கோழிக்கோட்டில் டீலர் இருப்பதை அவள் எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறாள்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவளுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது: தராசும் சரி, கணக்கும் சரி என்றால் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார். எண்ணி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரைக் கேள்.

இந்த நோட்டை அடுத்து வாங்கும் நண்பருக்கு: எடை போடும் முறையெல்லாம் முன்பக்கங்களில் இருக்கிறது. ஆனால் தராசை எடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கணக்குத் தாளின் மேல் வரியை வெறுமையாக விட்டு, கூட வருபவரிடம் எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணை அங்கே எழுதுங்கள்.